ஜோசியர் சொன்ன திங்கள்

சிமென்ட் கிடங்கின் தகரக் கூரை வெயிலில் படபடக்கிறது. மூட்டை இறக்கி முடித்த சுமைக்காரர் லாரி நிழலில் குந்தியிருக்கிறார். இமை, மீசை எல்லாம் சாம்பல் நிறம். கையில் மகனின் போன். போன மாதம் இதே கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து அவன் செத்துப்போனான். கிடங்கில் அவனுக்குப் பெயர் ஜோசியர். வருஷா வருஷம் போனுக்குப் புது சாஃப்ட்வேர் என்றைக்கு வரும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவான். போன் கம்பெனிக்காரன் புது மாடல் காட்டக் கூட்டம் போட்டால் அடுத்த திங்கள் சாஃப்ட்வேர் வரும் என்பது அவன் கணக்கு. "மழை எப்போன்னு சொல்லுடா, மூட்டையாவது நனையாம இருக்கும்" என்று சிரிப்பார்கள். இப்போது போன் அதிர்கிறது. லாரி டிரைவர் எட்டிப் பார்க்கிறார்.

"புதுசு வந்துடுச்சு மாமா. திங்கக்கிழமைதான். சொன்ன மாதிரியே."

"அப்ப ஜெயிச்சுட்டானா?"

"ஜெயிச்சுட்டான்." டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "நீயே போட்டுடு மாமா. வந்த நிமிஷமே போடணும்னு பறப்பானே."

போனைத் திறக்கத் தன் விரலோடு அப்பாவின் கட்டைவிரலையும் மகன் அதில் பதிவு செய்து வைத்திருந்தான். வைக்கிறார். திறக்கவில்லை. சிமென்ட் அரித்த விரலில் ரேகையே இல்லை. "எச்சில் தொட்டுத் துடைச்சிட்டு வைப்பா" என்பான் அவன். எச்சில் தொடுகிறார், சட்டையில் தேய்க்கிறார், வைக்கிறார். போன் மாட்டேன் என்று உதறுகிறது. இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் போனிடம் சொல்கிறார்.

"நான்தான்டா. அப்பா."

மறுபடியும் வைக்கிறார்.