நாலாவது அடியில் ஒரு திக்கல்

சாயங்கால வெயில் பட்டறைக்குள் சாய்ந்து, மேஜையில் திருகி நிறுத்தியிருக்கும் சின்ன இன்ஜின் மேல் விழுகிறது. சைக்கிளில் பூட்டி ஓட்டுகிற டூ-ஸ்ட்ரோக்; காலையில்தான் மெக்கானிக் அதைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தான். கம்பியில் தொங்கும் பாட்டிலிலிருந்து பெட்ரோல் இறங்குகிறது. கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு இழுக்கிறான். நீலப் புகையைக் கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. மூன்று அடி ஒழுங்காக அடித்து, நாலாவதில் திக்குகிறது. அவன் கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவர் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. பெட்ரோல் கூடினால் வருகிற திக்கல் அது; கார்புரேட்டரில் வேண்டுமென்றே அரைத் திருகு பெட்ரோல் கூட்டி வைக்கிற ஆள் ஒருத்தர்தான். "பசியோட ஓடக் கூடாதுடா" என்பார் அண்ணன். "இன்ஜினுக்கு எதுக்குண்ணே விருந்து?" என்று இவன் கிண்டலடிப்பான். அவருடைய சைக்கிளும் இப்படித்தான் திக்கித் திக்கி வீடு திரும்பும், போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோகும்வரை.

வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நிற்கிறது. ஈரக் கையோடு அண்ணி பட்டறையின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். முகத்தில் அந்தப் பழைய சிடுசிடுப்பு. "எவ்வளவு நேரம்? சாப்பாடு ஆறிப்போச்சு" என்கிறாள் தெருவைப் பார்த்து. தெருவில் யாரும் இல்லை. பிறகுதான் மேஜையைப் பார்க்கிறாள்.

"அணைச்சிடட்டுமா அண்ணி?"

"இருக்கட்டும்பா."

கதவு நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். பாட்டிலில் விரல்கடை அளவுதான் மிச்சம். ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு, பெட்ரோல் கேனைத் தூக்குகிறான். அது கனமே இல்லாமல் கையோடு வந்துவிடுகிறது.