இரண்டு வேட்டு

கல்குவாரியை மூடச் சொல்லி வழக்குப் போட்ட தெய்வசிகாமணியை எந்தத் துப்பாக்கியால் சுட்டிருப்பார்கள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் மூன்று நாளாகப் பந்தலில் அலசினார்கள். யார் சுட்டது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தேர்தலுக்காக ஊரிலுள்ள லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் ஸ்டேஷனில் கிடக்கின்றன, அதனால் நாட்டுத் துப்பாக்கிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் மனைவி ருக்குமணி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாட்டுத் துப்பாக்கி ஒருமுறைதான் வெடிக்கும். மறுபடி சுட, குழலுக்குள் மருந்தைக் குத்தித் திணிக்க வேண்டும். அன்று அவள் காதில் விழுந்ததோ அடுத்தடுத்து இரண்டு வேட்டு.

நான்காம் நாள் காலை, வெளியே போகக் கூடாது என்று மறித்த நாத்தனாரை விலக்கிவிட்டு, கணவனின் இரட்டைக்குழல் துப்பாக்கியை ஒப்படைத்த ரசீதோடு ஸ்டேஷனுக்குப் போனாள்.

"தேர்தல் முடிஞ்சாத்தான் தருவோம், போம்மா," என்றார் ஏட்டு.

"எடுத்துட்டுப் போக வரலீங்க. ஒருக்கா மோந்து பாத்துட்டுப் போயிடறனுங்க."

ஏட்டு நிமிர்ந்தார்.

"குடுத்துவிடறப்ப ரெண்டு குழலையும் நாந்தானுங்க தேங்காயெண்ணெ போட்டுத் துடைச்சேன். அந்த வாசந்தானுங்க இருக்கோணும், மருந்து வாசம் இருக்கப்படாதுங்க."

ஏட்டு மேசைமேல் கிடந்த துப்பாக்கி அறைச் சாவிக்கொத்தை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ருக்குமணி அதைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டேஷன் வாசற்படியை அடைத்தபடி உட்கார்ந்தாள்.