மோந்து பார்த்து எடுக்கிற வேலை

டீமேக்கர் ஐயா முதலில் கையை முகர்ந்தார்.

பிறகு வாயை ஊதச் சொன்னார்.

அந்தோனிமுத்து ஊதினான். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் அந்த வாய்க்குள் போகவில்லை.

இஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கு இப்படித்தான் ஆள் எடுப்பார்கள். தூள் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். கருவாடு தின்ற கையோடு ஒருவன் உள்ளே போனால் பெட்டித் தூளும் கருவாடாகிவிடும். இவனுக்கு முன்னால் நின்றவன் தலையில் வேப்பெண்ணெய் வைத்திருந்தான். வாசற்படியோடு அனுப்பிவிட்டார்கள்.

கொழுந்து உருட்டுகிற இயந்திரத்துக்கு ஆள் தேவை. ஒரே ஓர் ஆள்.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஹந்தானை மலையில் பாதி நாள் வேலை இல்லை. வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவன் இருந்த லயத்திலேயே வீடுகள் காலியாகிவிட்டன. இஸ்டோர் ஆளை மட்டும் அனுப்ப மாட்டார்கள். அங்கே மழையில்லை, அட்டைக்கடி இல்லை, தினமும் வேலை உண்டு.

கஞ்சாக்காரன் என்று அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. பொய்யாக வந்த பெயர் இல்லை. கலியாணமான புதிதில் கெலிஓயாவிலிருந்து பொட்டலம் வரும். பொழுது சாய்ந்தால் சிலும்பியும் சிரிப்புமாக லயத்துக் கடைசியில் இருந்த அவர்கள் வீடு கலகலக்கும். காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, கூப்பிடுகிற தப்புச் சத்தம் அவன் காதில் ஏறாது. பிந்திப் போனவனைக் கங்காணி வேலை கொடுக்காமல் எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி இடது கை விரலில் ஒரு நுனியைக் கொண்டுபோனதும் அப்படியொரு காலையில்தான்.

அவனை டீமேக்கர் கூப்பிட்டதே பெரிய காரியம். தோளும் புஜமும் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்.

சட்டையை நேற்று அவன் பெண்சாதி சூசையம்மாதான் பீலித் தண்ணீரில் அடித்துத் துவைத்துப் போட்டாள். இன்று அவன் புறப்படும்போது நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத் தோளில் தலை வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பனிக்குளிரில் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

வாயில் ஒன்றும் இல்லை. ஐயா தலையை ஆட்டினார். உள்ளே போகச் சொல்லக் கையைத் தூக்கியவர், எதையோ நினைத்துக் குனிந்து அவன் இடது தோளில் மூக்கை வைத்தார்.

அப்படியே நின்றார்.

யாழ்ப்பாணத்து மனுசன். குரலை உயர்த்தவில்லை.

“கையிலை இல்லை, வாயிலை இல்லை. தோளிலை மட்டும் கஞ்சா மணக்குது. ஆரின்ரை மணமடா இது? உன்ரை இல்லையெண்டால் சொல்லு. அந்தச் சேர்க்கையை விட்டுப்போட்டு, குளிச்சு வேறை சட்டையோடை நாளைக்கு வா. இடம் வைச்சிருக்கிறன்.”

கங்காணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் மலை முழுக்க விழுந்த மாதிரி.

“நாந்தாங்கய்யா. ராத்திரி இழுத்தேன்.”

ஐயா அவன் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. பிறகு அடுத்தவன் கையைப் பிடித்து முகர்ந்தார்.

கங்காணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“நல்லவேளடா அந்தோனி. ஒன்னைய உள்ள விட்டிருந்தா, லண்டன்ல தொரைமாரெல்லாம் டீயக் குடிச்சிப்புட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடப்பாங்க.”

அவன் மேட்டில் ஏறினான். கீழே கண்டிப் பட்டணம் மூட்டத்துக்குள் கிடந்தது.

கவ்வாத்து மலைக்குப் போவதென்றால் பெண்கள் கொழுந்து பறிக்கிற மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். கங்காணியின் பகிடி குறுக்குப் பாதையால் அவனுக்கு முன்னாலேயே ஏறியிருந்தது. நிரைக்கு நிரை சிரிப்பு.

“அண்ணே, பொம்பளைக்கெல்லாம் கஞ்சா கெடையாதா?” என்று வீரம்மா கேட்டாள். சிரிப்பு இன்னும் கூடியது.

சூசையம்மா சிரிக்கவில்லை. கொழுந்தில் வைத்த கை வைத்தபடி நின்றது.

அவன் அவள் நிரைக்குள் இறங்கினான்.

“விடு புள்ள. வேற ஆள எடுத்துட்டாங்க.”

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து அவன் கஞ்சாவைத் தொட்டதில்லை. இந்த மலையில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் அவன் தோளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

“பேசாம இரு. எனக்கு உள்ள பேருதானே. ஒனக்கு எதுக்கு அது?”

“கூடையப் புடிங்க,” என்றாள் சூசையம்மா. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “நான் போயி அந்த ஐயாவ என் தலைய மோந்து பாக்கச் சொல்றேன்.”

பக்கத்து நிரைகளில் கொழுந்து ஒடிபடுகிற சத்தம் நின்றது.