ஓரத்தில் ஒரு கை

"டிவில ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை தெரியுது பாரு, எங்கம்மா அதுக்குள்ளதான் இருக்கா சின்னம்மா."

புது டிஸ்கை உறையிலிருந்து எடுத்தபடியே சொன்னான் சக்திவேல். கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயம்மாள் நிமிரவில்லை.

"இன்னாடா ஒளர்ற?"

"ஒளறல. கேமராவுல அகலமாத்தான் எடுத்திருக்காங்க. அப்பல்லாம் டிவி சதுரமா இருந்துச்சி இல்ல? அதுல அடங்கணும்னு ரெண்டு பக்கமும் வெட்டிட்டு சிடி போட்டுட்டாங்க. இப்ப வெட்டாம முழுசா வெளியிட்டிருக்காங்க. இதுல பழசும் இருக்குது, புதுசும் இருக்குது. எது வேணுமோ அமுக்கிப் பாத்துக்கலாம்."

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் குடும்பங்களைப் பற்றி யாரோ எடுத்த ஆவணப்படம் அது. குடும்பம் திருத்தணிக்கு வந்த பிறகும் அந்தப் பழைய சிடியை அவன் விடவில்லை. எல்லாம் ஒரே ஒரு காட்சிக்காக. நாலு வயதுச் சக்திவேல் கரும்புச் சோகைமேல் உட்கார்ந்திருப்பான். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீளும். முறுக்கு வெள்ளி வளையல் போட்ட கை. வாய்க்கு அடங்காத சோற்று உருண்டையை அவனுக்கு ஊட்டிவிட்டு மறைந்துவிடும்.

"உங்கம்மா வளையல்டா அது" என்று நைனா ஒருநாள் காட்டினார். அதற்கு மேல் பேசுகிற மனிதர் இல்லை அவர்.

படம் எடுத்த வருடமே அம்மா இறந்துபோனாள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. மறு வருடம் நைனாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான் அம்மாவின் தங்கை தாயம்மாள். இப்போது நைனாவும் சுவரில் படமாகிவிட்டார். அவர் பக்கத்தில் இன்னொரு ஆணியை நேற்றே அடித்து வைத்திருந்தான் சக்திவேல். அம்மா முகம் வந்ததும் நிறுத்தி, போனில் படம் பிடித்து, ஸ்டுடியோவில் கொடுத்துச் சட்டம் போட்டுவிட வேண்டும்.

"பழசே நல்லாதான்டா கீது" என்றாள் தாயம்மாள். "அந்தக் கை போதாதா உனுக்கு?"

"கையையே எத்தினி வருசம் பாக்கறது? முகம் வேணும் எனக்கு."

"வெயில்ல கருத்துப்போயி, கிழிஞ்ச சேலையோட நிப்பா. அத இன்னாத்துக்குப் பாக்கணும்?"

"அத்தைக்குப் பயம்" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் அவன் மனைவி தேவயானி. "அக்கா சுவத்துக்கு வந்துட்டா, வீட்டு அதிகாரம் கைமாறிடும் இல்ல?"

"ஆங், ரெண்டு மாமியாகிட்ட மாட்டிகினு முழி. அப்ப தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் தாயம்மாள். எத்துப்பல் தெரியாமல் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது அவள் வழக்கம். ஆனால் இன்று சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. சக்திவேல் அதைக் கவனித்தான். ஏன் இப்படித் தட்டிக் கழிக்கிறாள்? செத்துப்போன அக்காவோடு இன்னுமா போட்டி?

இருக்கலாம். ஒன்பது வயதில் ஒருநாள், சின்னம்மா ஊட்ட வந்த கையைத் தட்டிவிட்டு, "எங்கம்மா உருண்டை எவ்ளோ பெருசுன்னு டிவில போய்ப் பாரு. நீ நெல்லிக்கா மாதிரி உருட்டுற" என்று கத்தியிருக்கிறான். "அந்தக் கை மாதிரி வருமாடா?" என்று அன்றைக்கும் சிரித்தாள். அதற்குப் பிறகு தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துகொள்வாள். ஊட்ட வந்ததில்லை.

புது டிஸ்கைப் போட்டு, ரிமோட்டில் 'முழு அகலம்' என்பதை அமுக்கினான்.

கறுப்புப் பட்டைகள் காணாமல் போயின. இடப்பக்கம் இதுவரை பார்த்திராத ஒரு மாட்டு வண்டி. நடுவே சோகைமேல் அவன். வலப்பக்கத்திலிருந்து கை நீண்டது. இந்த முறை அது மணிக்கட்டோடு நிற்கவில்லை. முழங்கை வந்தது. தோள் வந்தது. கலைந்த கூந்தல். பதினெட்டு, இருபது வயதுப் பெண் ஒருத்தி. உருண்டையை ஊட்டிவிட்டு, கேமராவைப் பார்த்துவிட்ட வெட்கத்தில், இன்னொரு கையின் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சக்திவேல் படத்தை நிறுத்தினான்.

மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள் சந்தனம் மணக்க, தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டு தெருவில் போயின. கரண்டியோடு எட்டிப் பார்த்த தேவயானி டிவியைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். "ஏங்க..." என்றாள்.

அவன் மெல்லத் திரும்பினான். கீரைக்கட்டு மடியில் கிடக்க, அதே புறங்கையால் வாயை மூடியபடி உட்கார்ந்திருந்தாள் தாயம்மாள். இப்போது சிரிக்கவில்லை.

"ஏன் சின்னம்மா சொல்லல?"

"டிவியைத் தொட்டுத் தொட்டு 'அம்மா, அம்மா'ன்னுகினு இருப்ப. அத எப்டிடா புடுங்கறது?"

மடியில் கிடந்த கீரைக்கட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

"அவ அப்ப படுத்த படுக்கையா கெடந்தா. இளைச்சி இளைச்சி கையில நிக்கலன்னு கழட்டி எனுக்குப் போட்டுட்டா. உங்க நைனா ஒண்ணும் பொய் சொல்லல சக்தி. வளையலு உங்கம்மாவுதுதான். கைதான் என்னுது."