முகம் தெரிந்தால் போதும்

இறந்துபோன அம்மா மகள் யுவராணிக்காகப் பதிந்து வைத்த கடைசி வீடியோ வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் கிடந்தது. அவள் கம்ப்யூட்டரைத் தேனியில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கி வந்தாள்.

“ஓடுதுக்கா. ஆனா படம் விட்டு விட்டுத்தான் வருது. எந்தக் கஞ்சப்பயலோ இருக்கதுலயே மட்டமான மெமரி, மட்டமான கேமரா வாங்கிப் போட்டிருக்கான்” என்றான் கடைக்காரன் சுரேஷ்கண்ணன்.

“நான்தான் தம்பி வாங்குனேன். முகம் தெரிஞ்சாப் போதும்னு நெனச்சேன்.”

“அட விடுங்கக்கா, மைக்கு அருமை. பின்னால கோழி கத்துறதுகூடக் கேக்குது. அம்மா பேசுறதத் தெளிவாக் கேட்டுறலாம்.”

“அம்மாவுக்குப் பேச வராது தம்பி. எல்லாம் கையாலதான் சொல்லும்.”

அவன் வீடியோவை மறுபடி ஓடவிட்டான்.

திரையில் அம்மாவின் கை நெஞ்சருகே எழுந்தது. மறுகணம் மடியில் கிடந்தது. இடையில் அவள் சொன்னதைக் கேமரா பிடிக்கவில்லை.