விரிசலின் மேல் கண்ணாடி

கூடத்துச் சுவரில் விழுந்த விரிசலுக்காக, வீடு கட்டிக்கொடுத்த காண்டிராக்டர் மரியதாசும் வீட்டுக்குச் சொந்தக்காரரான கோமளவல்லி டீச்சரும் ஒன்றரை வருடமாக வழக்காடினார்கள். கடைசியில் இருவருக்கும் பொதுவாக வந்த இன்ஜினியர், விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டு வைத்து ஒட்டினார். "முப்பது நாள் பாப்போம். இது உடைஞ்சா அஸ்திவாரம் இறங்குதுன்னு அர்த்தம். மரியதாஸ் வீட்டை இடிச்சுக் கட்டித் தரணும். உடையலைன்னா வெறும் பூச்சு விரிசல்தான், டீச்சர் வழக்கை விட்டுடணும்."

அன்றிலிருந்து மரியதாசுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் வந்து கண்ணாடியைப் பார்ப்பார். மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி வந்து நிற்பார். டீச்சர் கதவைத் திறந்துவிடுவார். வேறு கட்டடத்தில் சாரத்தின் மேல் நிற்கும்போதுகூட மரியதாசின் காதில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

இருபத்தொன்பதாம் நாள் காலை, பக்கத்து மனையில் தூண் இறக்கும் இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. மரியதாஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் ஓடினார். அங்கே டீச்சர் இரண்டு கைகளையும் விரித்து, கண்ணாடிக்கு இருபுறமும் சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன டீச்சர் பண்றீங்க? உடைஞ்சா உங்களுக்குத்தானே ஜெயம்?"

"ஜெயிச்சு என்னங்க பண்றது? நானும் எம்பொண்ணும் இந்தச் சுவரோரமாத்தானே படுத்துத் தூங்குறோம்."

வெளியே இயந்திரம் மறுபடி இடித்தது. மரியதாஸ் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மெல்ல மண்டியிட்டு, சுவரும் தரையும் சேர்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, அஸ்திவாரம் அசைகிறதா என்று பார்த்தார்.