உதிர்ந்த இறகு மெத்தை

மருதாயி என்ற அணில் இறகு மெத்தைக் கடை நடத்திவந்தது. "தானாக உதிர்ந்த இறகு மட்டுமே" என்று வாசலில் பலகை வைத்திருந்தது. இறகு கொண்டுவருவது ஒரு பெருச்சாளி.

மழைக்காலத்தில் அணில் நான்கே நாளில் நாற்பது மூட்டை வேண்டும் என்றது. சொன்ன நாளில் அத்தனையும் வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால், இறகுகளின் அடியில் ரத்தம்!

அணில் பதறிப்போய்ப் பெருச்சாளியின் வளைக்கு ஓடியது. உள்ளே, உடம்பில் ஒரு இறகுகூட இல்லாத கொக்குக் குஞ்சுகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அடப்பாவி! என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கே?"

"உதிர்றது மாசத்துக்கு ரெண்டு மூட்டைதாங்க," என்றது பெருச்சாளி. "நீங்க நாப்பது கேட்டீங்க. அதுவும் நாலே நாள்ல."

அப்போது ஒரு குஞ்சு அணிலிடம் மெல்ல நகர்ந்து வந்தது.

"அக்கா, ரொம்பக் குளிருது. எங்கேயாவது ஒரு மெத்தை கிடைக்குமா?"